வீட்டு லேத்தில் டேப் செய்வது: கேள்வி பதில்

டேப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி. கேட்டவர்களை ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்6, எம்8, எம்10 டேப் நாகர்கோவிலில் டூல்ஸ் கடையில் செட்டாகவே கிடைக்கும். அதைச் செய்ய உட்காராதீர்கள். கடையில் கிடைக்காத மரைக்குத்தான் இந்தப் பாடு.

தக்கலை: அண்ணாச்சி, என் பழைய லேத்தில் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் நட்டு தேய்ந்துவிட்டது. ஸ்க்ரூ 12 மி.மீ., பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 3, டிரபிசாய்டல் (பக்கம் சரிந்த, தலை தட்டையான பல்), இடது மரை. எங்கே கேட்டாலும் டேப் இல்லை.

இப்படிக் கேளுங்கள், பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. 16 மி.மீ. சில்வர் ஸ்டீல் அல்லது ஓஎச்என்எஸ் ராடு வாங்குங்கள், இரண்டும் கடினமாக்கக்கூடிய கருவி எஃகு. எது என்று கடைக்காரரிடம் கேட்டு, ராடின் முனையில் பெயின்டால் எழுதி வையுங்கள். ஏன் என்று கீழே வரும்.

டேப்பின் வெளிவிட்டம் 12 அல்ல, 12.5. ஸ்க்ரூ மரையின் முகடு நட்டில் உரசாமலிருக்க பக்கத்துக்குக் கால் மில்லி விட வேண்டும். நட்டில் துளை 9 மி.மீ. டேப்பின் முனையை ஒரு அங்குல நீளத்துக்கு அந்தத் துளையில் வழுக்கி நுழையும்படி கடைந்துவிட்டால், டேப் கோணாமல் இறங்கும். இடது மரை என்பதால் ராடைப் பிடிக்கும் சக் பக்கம் ஒரு பள்ளம் வெட்டி, அங்கிருந்து எதிர்முனையான டெய்ல் ஸ்டாக் பக்கமாக டூலை ஓட்டுங்கள். மரையை முழு ஆழத்துக்கு வெட்டிய பிறகுதான், முனைப்பக்கம் பற்கள் படிப்படியாகக் குட்டையாகும்படி சரிவு கடைய வேண்டும். சரிவு நீளமாக இருக்கட்டும், மரை நீளத்தில் முக்கால்வாசி போனாலும் தப்பில்லை. ஒவ்வொரு பல்லும் கொஞ்சமாகச் சுரண்டினால்தான் கைக்கு அடங்கும்.

அப்புறம் டேப்பின் நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள். மில்லிங் இல்லாவிட்டால் வட்ட அரத்தால் நான்கு பள்ளம் ராவலாம். வெட்டும் முகம் நேராக மையத்தைப் பார்க்கட்டும், நட்டு செய்யும் கன்மெட்டலுக்கு (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) அதற்கு மேல் சாய்வு தேவையில்லை. சரிவுப் பகுதியில் பல்லின் தலையில் மார்க்கர் மை பூசி, வெட்டும் விளிம்பில் முடியளவு மை மிஞ்சும்வரை பின்பக்கத்தை ஊசி அரத்தால் இறக்குங்கள். இதை விட்டால் டேப் வெட்டாது, உரசிக்கொண்டு நிற்கும். அரத்துக்குப் பிடி போட்டிருக்க வேண்டும்.

மார்த்தாண்டம்: வீடு கட்டி மிஞ்சிய டிஎம்டி கம்பியில் செய்யலாமா?

முடியாது. அதில் கார்பன் கால் சதவீத அளவுதான், பழுக்கக் காய்ச்சி முக்கினாலும் டேப்புக்கு வேண்டிய கடினம் வராது. சில்வர் ஸ்டீலில் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது.

குலசேகரம்: ரப்பர் ஷீட் ரோலரில் மேல் ஸ்க்ரூவின் நட்டு போய்விட்டது. பெரிய சதுர மரை. அதற்கும் டேப்தானா?

வேண்டாம். அவ்வளவு பெரிய துளைக்குள் டூல் பிடிக்கும் போரிங் பாரே போகும். லேத்திலேயே உள்மரை வெட்டுங்கள்.

கோட்டாறு: எங்கள் தாத்தா பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில்தான் முக்குவார், துவைச்சல் என்பார். எண்ணெய் என்கிறீர்களே?

நான் இன்னும் எண்ணெய் என்று சொல்லவே இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி வந்ததும் குளச்சல்காரர் பழைய என்ஜின் ஆயில் என்றார், திங்கள்சந்தைக்காரர் தேங்காய் எண்ணெய் என்றார், இன்னொருவர் உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர் தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த கதைக்கே போய்விட்டார். பீரங்கி வார்ப்பதற்கும் டேப்புக்குப் பதம் வைப்பதற்கும் சம்பந்தமில்லை, மக்கா.

தாத்தா செய்தது சரிதான். அவர் கையில் இருந்தது தண்ணீரில் கடினமாகும் எஃகு. சில்வர் ஸ்டீலும் அந்த வகை. ஓஎச்என்எஸ் எண்ணெய்க்கென்றே செய்தது, தண்ணீரில் போட்டால் பள்ளத்தின் அடியில் ‘டிக்’ என்று விரியும். ராடில் பெயின்டால் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

எந்த எண்ணெய்? பழைய என்ஜின் ஆயிலின் புகை நெஞ்சுக்கு ஆகாது, பெட்ரோல் கலந்திருந்தால் சீக்கிரம் தீயும் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். 25 டிகிரிக்குக் கீழே உறையும் என்பதால் மார்கழிக் காலையில் கட்டியாக நிற்கலாம். எப்படியும் 50, 60 டிகிரிக்குச் சுடவைத்துத்தான் முக்க வேண்டும், சூடான எண்ணெய் ஒரே சீராகக் குளிரவைக்கும். இரும்பு வாளியில் ஊற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். மூடியைப் பக்கத்திலேயே வையுங்கள்.

சிரட்டைக்கரியும் ஒரு புளோயரும் போதும். நிழலில் வைத்துக் காய்ச்சுங்கள், வெயிலில் நிறம் தெரியாது. காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்கு மேல் கொஞ்சம் ஏற்றி, செங்குத்தாக முக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். சாய்த்து முக்கினால் வளையும்.

குளச்சல்: என்ஜின் ஆயிலில் எத்தனையோ உளி பதம் வைத்திருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே.

உளிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். நான் சொன்னது உங்கள் நெஞ்சைப் பற்றி.

இரணியல்: முக்கி எடுத்ததும் அரம் வழுக்குகிறது. வேலை முடிந்ததா?

இல்லை! அப்படியே பயன்படுத்தினால் கண்ணாடிபோல உடையும். அன்றைக்கே பதம் இறக்குங்கள், அதாவது மிதமாகச் சுடவைத்துக் கடினத்தைக் கொஞ்சம் தணியுங்கள். எமரியால் பளபளப்பாக்கி, தண்டுப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சூடேற்றுங்கள். நிறம் பல் பக்கமாக ஊர்ந்து வரும். பல்லில் வெளிர் வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்துங்கள், அது 220 டிகிரி வாக்கில். அதற்குள் கைப்பிடி மாட்டும் சதுரப் பகுதி நீலமாகியிருக்கும். அங்கே அப்படித்தான் வேண்டும், கடினமாக இருந்தால் அங்கேதான் ஒடியும். வீட்டில் ஓவன் இருந்தால் அதே சூட்டில் ஒரு மணி நேரம், சதுரத்தை மட்டும் தனியாக நீலமாக்கிக்கொள்ளலாம்.

ஆரல்வாய்மொழி: டிஎம்டி கம்பி கிடக்கிறது…

மார்த்தாண்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கருங்கல்: உடைந்த ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டிரில்லின் தண்டு? லாரி லீஃப் ஸ்பிரிங்?

ஹெச்எஸ்எஸ்ஸைக் கடினமாக்க 1200 டிகிரி வேண்டும், சிரட்டைக்கரியில் நடக்காது. லீஃப் ஸ்பிரிங் கடினமாகும், ஆனால் விளிம்பு நிற்காது. ராடு வாங்குங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

வில்லுக்குறி: என் லேத்தில் மரை வெட்ட டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குல அளவு. மெட்ரிக் மரை வருமா?

127 பல் சக்கரம் வாங்கி மாட்டுங்கள், வரும். சக்கரம் மாற்றும்போது மெயின் சுவிட்ச் ஆஃப்.

பத்மநாபபுரம்: அரத்துக்குப் பிடி அவசியமா? துணி சுற்றினால் போதாதா?

போதாது. அரத்தின் கூரான வால் உள்ளங்கையில் ஏறும்.

தக்கலை: அண்ணாச்சி, டேப் நட்டுக்குள்ளேயே ஒடிந்தால்?

கன்மெட்டல் நட்டு என்பதால் தப்பித்தீர்கள். ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தில் படிகாரத்தைக் கெட்டியாகக் கரைத்து, நட்டை அதில் போட்டு, கொதிக்காமல் சூடாகவே வைத்திருங்கள். குமிழி விட்டுக்கொண்டே டேப் கரையும். ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், தண்ணீர் வற்றவற்ற ஊற்றுங்கள். இரும்பு நட்டுக்கு இதைச் செய்யாதீர்கள், நட்டும் சேர்ந்து கரையும்.