மலைக்கு வரும் பணம் மலையில் தங்குகிறதா? கேள்வி பதில்

நீலகிரி, கொடைக்கானல், தேக்கடிப் பக்கம் சுற்றுலாவால் யார் கைக்கு எவ்வளவு போகிறது என்று பதினாறு வருடமாகக் கணக்கெடுத்து வருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஹோட்டல் சிபாரிசு மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா, எல்லா ரிசார்ட்டும் 'எகோ' என்று போர்டு வைக்கிறது. எதை நம்புவது? (ஈரோடு)

போர்டை விடுங்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள், குப்பை எங்கே போகிறது, இந்த இரண்டை மட்டும் போனில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மேனேஜர் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள்.

ஊட்டிக்கு இ-பாஸ் எப்படி எடுப்பது? (திருச்சி)

வெளி மாவட்ட வண்டி மலை ஏறுவதற்கான ஆன்லைன் அனுமதி அது. தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், வரும் தேதி, தங்கும் இடம் கொடுத்தால் கிடைக்கும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் ஏஜென்டிடம் போகாதீர்கள்.

தேக்கடியில் காட்டு மக்களுக்கு நிஜமாகவே பணம் போகிறதா, இல்லை வெறும் விளம்பரமா? (கம்பம், ஆசிரியை)

போகிறது டீச்சர். ஆனால் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

தேக்கடி இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர். 1978-இல் புலிகள் காப்பகமானது. அதற்குப் பிறகும் வயணா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்துவது ஓயவில்லை. வயணா காட்டு இலவங்க வகை, மசாலா வியாபாரத்தில் அதற்கு எப்போதும் கிராக்கி. 1990-களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பட்டை கடத்திக்கொண்டிருந்தவர்களையே கூப்பிட்டு, வழக்குகளைக் கைவிட்டு, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் செல்லும் வேலையைக் கொடுத்தது. 'டைகர் டிரெய்ல்' என்ற அந்த நடைப்பயணம் அப்படித்தான் பிறந்தது.

அவர்களில் ஒருவரோடு நடந்திருக்கிறேன். ஒரு வயணா மரத்தடியில் நின்று, இடுப்பு உயரத்தில் இருந்த பழைய வெட்டுத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். பட்டை இரண்டு பக்கமும் தடித்து உள்வாங்கி வளர்ந்திருந்தது. "இது நான் உரிச்சது" என்றார். எந்தப் பள்ளத்தில் இறங்கினால் ரோந்துக்காரர் கண்ணில் படாது என்று அவருக்கு அன்றைக்குத் தெரியும். இன்றைக்கு அதே பள்ளத்தில் புதுக் காலடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நம்மை அழைத்துப் போகிறார்.

ஏரியில் ஓடும் படகையும் இந்த நடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படகில் கூட்டம் ஏறும், ஓட்டுவதற்குச் சிலர் போதும். நடையிலும் மூங்கில் தெப்பத்திலும் பயணிகள் கொஞ்சம், கூட வரும் உள்ளூர்க்காரர்கள் அதிகம். டிக்கெட் பணத்தில் அவர்களுக்குச் சம்பளம் போக, மிச்சம் சமூக நிதிக்குப் போகிறது. அதனால் தேக்கடி போனால் படகோடு திரும்பாதீர்கள்.

எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 'வசந்த சேனா' என்று அங்கே பெண்கள் 2002-லிருந்து சம்பளம் வாங்காமல் காட்டில் ரோந்து போகிறார்கள். காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு, முறை வைத்து நடக்கிறார்கள். நாம் காசு கொடுத்துப் பார்க்கிற காடு நிற்பதில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. ஆனால் எந்த வருமானக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

மூணாறில் நல்ல காட்டேஜ் சொல்லுங்களேன். (சேலம்)

என் வேலை அது இல்லை.

இ-பாஸ் இரண்டு சக்கர வண்டிக்கும் வேண்டுமா? எப்படி எடுப்பது? (கரூர்)

வெளி மாவட்ட வண்டி என்றால் வேண்டும். எடுக்கும் முறையை இரண்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கோத்தகிரியில் நாலு ரூம் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். பேங்க் லோன் ஓடுகிறது. இ-பாஸ் கட்டுப்பாடு வந்ததும் புக்கிங் ரத்தாகிறது. உங்களைப் போன்றவர்கள் இதைப் பாராட்டி எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள்.

அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதை எதிர்த்துக் கடையடைப்பும் நடந்தது. மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஐஐடி மெட்ராஸும் ஐஐஎம் பெங்களூரும் ஆராய வேண்டும் என்று நீதிமன்றமே சொன்னது.

வரம்பு வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஏப்ரல், மே மாதத்தில் மலையில் தண்ணீர் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் கூட்டம் உச்சத்தில் இருக்கிறது. மலர்க் கண்காட்சி வாரத்தில் குன்னூர் சாலையில் ஆம்புலன்ஸ் ஒன்று நகர வழியில்லாமல் சைரன் போட்டபடி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் வந்தால்தானே எங்களுக்குச் சோறு? ஆம்புலன்ஸ் கதை சொல்லாதீர்கள். (அதே கோத்தகிரிக்காரர்)

கதை இல்லை அண்ணா, அந்த வரிசையில் நானும் நின்றேன். சரி, உங்கள் ரூமையே கணக்கில் எடுப்போம். சமவெளியிலிருந்து காலையில் கிளம்பி வரும் கார் கீழேயே டீசல் போட்டிருக்கும், சாப்பாடு கட்டி எடுத்து வந்திருக்கும். தாவரவியல் பூங்கா, படகு இல்லம் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடும். மலைக்குக் கிடைப்பது பார்க்கிங், டீ, வர்க்கி. உங்கள் வீட்டுக்கு வருகிற குடும்பம் மூன்று ராத்திரி தங்குகிறது. பால், காய்கறி, சமையல் செய்யும் அக்காவின் சம்பளம் எல்லாம் கோத்தகிரியிலேயே சுற்றுகிறது. இ-பாஸ் கணக்கில் இரண்டு காரும் ஒன்றுதான், தலா ஓர் இடம். தப்பு இங்கேதான் இருக்கிறது. தங்க வருகிற வண்டிக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று கேளுங்கள். பாஸே வேண்டாம் என்று கேட்டால் முதலில் வந்து இடத்தை நிரப்புவது அந்த ஒரு நாள் கார்தான்.

நான் மேட்டுப்பாளையம் டாக்ஸி டிரைவர். டிஎன் 43 என்றால் உள்ளூர், பாஸ் வேண்டாம். என் வண்டி டிஎன் 40. இருபது வருடமாக இந்த மலையை நம்பித்தான் இருக்கிறேன்.

நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். பிழைப்பு மாவட்ட எல்லையில் முடிவதில்லை, அது ரோடு போகும் வழியெல்லாம் போகிறது. கல்லாறு, பர்லியாறு கடைக்காரர்களுக்கும் இதே நிலைதான். அடிவாரத்து டாக்ஸிகளுக்குத் தனி அனுமதி தர வேண்டும் என்று கோரிக்கை எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தங்குகிறவர்களுக்கு முன்னுரிமை என்றால் பெரிய ஹோட்டலுக்குத்தானே லாபம்? (கோத்தகிரிக்காரர்)

நல்ல கேள்வி. முறையாகப் பதிவு செய்த ஹோம்ஸ்டேக்களுக்கும் அதே முன்னுரிமை கிடைத்தால்தான் சரிவரும். இன்னொன்று, ஆன்லைன் புக்கிங் கம்பெனி எடுக்கும் கமிஷனைப் பற்றி உங்கள் ஊரில் யாரும் கூட்டம் போடுவதில்லை. அந்தப் பணமும் மலை இறங்குகிறது. பழைய விருந்தாளிகளின் நம்பரை வைத்து நேரடியாகப் பேசுங்கள்.

மசினகுடியில் நைட் சஃபாரி கூட்டிப்போகிறோம் என்கிறார்கள். போகலாமா? (சென்னை)

போகாதீர்கள். இரவு சஃபாரி சட்டவிரோதம். முதுமலையில் வனத்துறை வண்டியில் பகலில் மட்டும்தான் உண்டு.

மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி யானைகள் கடக்கும் வழி. 2010-இல் அரசு அதை வழித்தடமாக அறிவித்தது, 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவில் ரிசார்ட்டுகள் சீல் வைக்கப்பட்டன, 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று இறுதித் தீர்ப்பு வந்தது. மூடியபோது முதலில் வேலை போனது மசினகுடி ஆட்களுக்கு. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ரிசார்ட் பக்கம் வந்த யானை மேல் எரியும் டயரை வீசினார்கள். தீ காதில் ஒட்டிக்கொள்ள, அந்த யானை ஓடிய வீடியோவை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. அந்த யானை பிழைக்கவில்லை.

ட்ரெக்கிங் போக ஆசை. நண்பர் ஒருவர் வழி தெரியும் என்கிறார். (மதுரை)

நண்பரோடு வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டிகள் அந்தந்தக் காட்டு ஊர்க்காரர்கள். அதில் பதிவு செய்யுங்கள். தீ பிடிக்கும் மாதங்களில் பாதையை மூடுவார்கள், அப்போது குறுக்கு வழி தேடாதீர்கள். நைட் சஃபாரியும் வேண்டாம், மறுபடியும் சொல்கிறேன்.

இ-பாஸ் எப்படி… (நாமக்கல்)

மேலே இருக்கிறது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். அரசு பஸ்ஸுக்குப் பாஸே வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் ஏறி உட்காருங்கள்.

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். மலைச் சுற்றுலாவின் தாக்கம் பற்றி ப்ராஜெக்ட். வந்தவர்கள் எண்ணிக்கை எங்கே கிடைக்கும் அக்கா?

சுற்றுலாத் துறையில் கிடைக்கும் தம்பி. ஆனால் தலையை எண்ணுவதோடு நிறுத்தாதே, ராத்திரியை எண்ணு. சீசனில் போகாமல் ஜூலை மழையில் குமுளிக்கோ கோத்தகிரிக்கோ போய் இரண்டு வாரம் தங்கு. டீக்கடை, லாண்டரி, ஜீப் ஸ்டாண்ட் ஆட்களிடம் மே மாத வரவைக் கேட்காதே, பெருமையாகக் கூட்டிச் சொல்வார்கள். ஜூலையில் கடன் யாரிடம் வாங்குகிறார்கள், என்ன வட்டி, எந்த மாதம் அடைக்கிறார்கள் என்று கேள். நோட்டு நிறைந்ததும் எனக்கு எழுது, உட்கார்ந்து பார்ப்போம்.