பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கேள்வி: பணி ஓய்வு பெற்று, மகன் மருமகளுடன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறேன். அண்மையில் ரைஸ் குக்கர் திடீரென்று நின்றுபோனது. பழுது பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மகன் கைப்பேசியில் புதிதாக ஒன்றை வரவழைத்து, பழையதைக் குப்பையில் போட்டுவிட்டான். கேட்டால், "ரிப்பேர் கூலிக்குப் புதுசே வாங்கிடலாம்பா" என்கிறான். நான் எடுத்துவைத்திருக்கும் பழைய பொருள்களால் வீட்டில் இடமே இல்லை என்பது மருமகளின் குறை. சிக்கனம் இந்தக் காலத்துக்கு ஒவ்வாததா?
- வாசகர், ஈசூன்

பதில்: இல்லை, ஐயா. ஆனால், பொருளின் விலை கூடுதலாகவும் கூலி குறைவாகவும் இருந்த நாளில் நீங்கள் பழகிய சிக்கனம், கூலி உயர்ந்து பொருள் மலிந்துவிட்ட இன்றைய சிங்கப்பூரில் மகனின் பணக் கணக்குக்கு முன் நிற்க முடிவதில்லை. அவர் கணக்கில் விட்டுப்போனது, தூக்கியெறிந்த பிறகு நடப்பது. புதிய குளிர்பதனப் பெட்டியோ சலவை இயந்திரமோ வீட்டுக்கு வரும்போது விற்பனையாளர் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச்செல்லும் ஏற்பாடு 2021 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ரைஸ் குக்கர் அந்தப் பட்டியலில் இல்லை. அது எரியாலைக்குப் போகும். மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியே செமக்காவ் தீவைச் சேரும். 1999இல் திறக்கப்பட்ட அந்தக் குப்பை நிரப்புநிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இத்தனைக்கும், திடீரென்று நின்றுபோகும் குக்கரில் பல நேரங்களில் போயிருப்பது அடித்தட்டுக்குக் கீழே இருக்கும் சின்னஞ்சிறு வெப்ப ஃபியூஸ் மட்டுமே. அதை நீங்களே திறக்க முயல வேண்டாம். 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் போன்ற பழுதுபார்ப்பு அமர்வுகளில் தொண்டூழியர்கள் உடனிருந்து, எப்படிக் கழற்றுவது, எங்கே கோளாறு என்று காட்டித்தருகிறார்கள். அடுத்த பொருள் பழுதாகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் அறிவுரையைவிட, தம் கையால் ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்ப்பது அவர் மனத்தில் நன்றாகத் தங்கும்.

மருமகளின் குறையையும் தள்ளிவிடாதீர்கள். மூடியில்லாத டப்பாக்களையும் யாரும் போடாத மின்விசிறியையும் அடுக்கிவைப்பதால் ஒரு காசும் மிச்சமாவதில்லை. ஓடுகிற நிலையில் இருக்கும்போதே வேண்டியவருக்கோ, பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்கோ கொடுத்துவிடுங்கள். அலமாரியை ஒழித்துக் கொடுத்தபின், பழுதான எதையும் ஒரு வாரம் பொறுத்துச் சரிசெய்ய முயன்ற பிறகே புதிது வாங்குவது என்று மகனிடம் பேசி முடிவு செய்யுங்கள். அந்த ஒரு வாரம் சோற்றை அடுப்பிலேயே வடித்துக்கொள்ளலாம்.