வங்கி ஏலத்துக்கு வரும் வீடு உண்மையிலேயே மலிவா?

யாழ்ப்பாணத்தில் வங்கிகள் ஏலத்தில் விற்கும் வீடுகள் சந்தை விலையிலும் பார்க்க மலிவாகக் கிடைக்குமா, அவற்றைத்தான் தேடி வாங்க வேண்டுமா என்று கனடாவில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஏலத்தில் கூறப்படும் விலை பெரும்பாலும் மலிவுதான். ஆனால் வீடு அந்த விலைக்குக் கைக்கு வருவதில்லை. 2019 இல் என் மைத்துனருக்காகக் கொக்குவிலில் நாலு பரப்புக் காணியையும் வீட்டையும் ஏலத்தில் எடுத்துக் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கடன் கட்டப்படாதபோது ஈடு வைத்த காணியை வங்கி வழக்குப் போடாமலே, தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் பேரில் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். பராட்டே என்று நாம் சொல்வது இதைத்தான். விற்பதற்கு வழக்கு வேண்டியதில்லையே தவிர, உள்ளே இருப்பவர்கள் எழும்ப மறுத்தால், வாங்கியவர்தான் விற்பனைச் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் உடைமையைக் கேட்க வேண்டும்.

நாங்கள் போன அன்று முற்றத்து மாமரத்தின் கீழ் ஏலம் கூறுபவர் நிற்க, சுற்றி நின்ற பதினைந்து பேரில் கேட்க வந்தவர்கள் மூவர்தான். கடன்பட்டவரின் தாயார் விறாந்தைக் கதிரையில் அசையாமல் இருந்தார். வயிறெரிந்த காணி என்று அயலவர் யாரும் விலை கேட்கவில்லை. விலை இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டுக்குள் போய்ப் பார்க்க வழி இருக்கவில்லை. பதினொரு மாதம் கழித்து நீதிமன்றக் கட்டளையோடு கதவைத் திறந்தபோது, நீர் மோட்டரும் இரண்டு கதவு நிலைகளும் இல்லை. கிணறு பக்கத்து வளவோடு பங்கு என்பது உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், தெளிவாகவே எழுதியிருந்தது. அதை ஊன்றி வாசிக்காதது எங்கள் பிழை.

செலவையும் பாருங்கள். ஒரு கோடிக்கு மூன்றாம் தரம் கூறி முடித்தால், வழக்கமான நிபந்தனைகளின்படி அவ்விடத்திலேயே பத்து லட்சம் கட்ட வேண்டும். அதோடு உள்ளூராட்சி மன்றத்துக்கு 1 வீதம், ஏலம் கூறுபவருக்கு 2.5 வீதம், விளம்பரச் செலவில் ஒரு பங்கு. மிகுதி 90 வீதத்துக்கு முப்பது நாள்தான் தவணை. அதற்குள் வேறு வங்கியில் கடன் எடுத்து முடிப்பது இலகுவல்ல. ஆகவே கையில் முழுக்காசு இருப்பவருக்கே இது சரிவரும். கடன்பட்டவர் ஏலத்துக்கு முன் நிலுவையைக் கட்டிவிட்டாலோ நீதிமன்றத் தடையுத்தரவு எடுத்தாலோ, உங்கள் பயணமும் வீண். 2024 இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இந்த அதிகாரத்தையே சில காலம் நிறுத்தி வைத்தது.

வங்கிச் சட்டத்தரணி பார்த்த உறுதிதானே என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். அவர் பார்த்தது கடன் கொடுத்த காலத்து நிலைமையை. காணிப் பதிவகத்தில் புதிதாகத் தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை ஈடு வைத்திருந்தால், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆள் இல்லாத, உறுதி சுத்தமான, தனிக் கிணறுள்ள வீடென்றால் தாராளமாக ஏலத்துக்குப் போகலாம். என்னைக் கேட்டால், பத்திரிகையில் அறிவித்தல் கண்டவுடன் கடன்பட்டவரையே போய்க் காண்பது மேல். வங்கியின் சம்மதத்தோடு அதன் நிலுவையை நேரே கட்டி ஈட்டை விடுவித்து, மிச்சக் காசை அவர் கையில் கொடுத்து, சாதாரண உறுதியாக எழுதுவிக்கலாம். மைத்துனரின் தம்பி உரும்பிராயில் வாங்கியது அப்படித்தான். ஏலத்தில் போயிருக்கக்கூடியதிலும் கொஞ்சம் கூடக் கொடுத்தார். உறுதி எழுதிய அன்று பின்னேரமே சாவியைக் கொடுத்த வீட்டுக்காரர், கிணற்றடி மோட்டரின் ஆளி இறுகினால் எப்படித் தட்ட வேண்டும் என்றும் காட்டிவிட்டுத்தான் போனார்.