ஷிப்ட் வேலை பார்க்கும் நர்ஸ், வேலையை விடாமல் மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க முடியுமா?

முடியும். நானும் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு பார்த்துக்கொண்டேதான் எம்.பி.ஏ. மருத்துவமனை நிர்வாகம் படித்தேன். வீட்டில் சின்னக் குழந்தை, மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும், படித்தால் பலன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வார்டையே பாடமாக எடுத்துக்கொண்டு படித்தால், பட்டம் வாங்கும் முன்பே பலன் தெரியும்.

எங்கே சேர்வது என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுநிலைப் பட்டம்) போன்றவை முழுநேரப் படிப்பு, வேலையை விட்டாக வேண்டும். நமக்குத் தோதானது தொலைநிலை அல்லது ஆன்லைன் எம்.பி.ஏ.தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்தில் அனுமதி இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். யுஜிசியின் 2020 விதிமுறைப்படி, அனுமதியுள்ள படிப்பென்றால் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம்.

பாடங்களில் நர்ஸுக்குக் கஷ்டம் கணக்குப்பதிவியலும் புள்ளியியலும்தான். அதற்கு மட்டும் யாரிடமாவது உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை நாம் தினமும் செய்கிற வேலை. மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்புச் சொன்னது. நோயாளி வழக்குப் போட்டால் நாம் எழுதி வைத்ததுதான் பேசும். அதைப் படித்த பிறகு, கேஸ் ஷீட்டில் மருந்து கொடுத்த நேரத்தை அப்போதைக்கப்போதே எழுதச் சொல்லி ஜூனியர் பிள்ளைகளை ஏன் விரட்டுகிறோம் என்பது எனக்கு இன்னும் தெளிவானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிப் படித்ததும் மறக்காது. 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் காத்திருக்கும் நேரம் மிச்சமாகிறது. நிர்வாகம் என்றால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என்று அப்போது பிடிபட்டது.

அந்தக் கண்ணோடு என் வார்டைப் பார்த்தேன். புராஜெக்டுக்கு டிஸ்சார்ஜ் தாமதத்தை எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் தெரிந்த கதைதான். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்பார். நோயாளி கிளம்பச் சாயங்காலம் ஆகும். நடுவில் சொந்தக்காரர்கள் பத்து தடவை ‘சிஸ்டர், எப்ப விடுவீங்க?’ என்பார்கள். அதே நேரம் கேஷுவாலிட்டியில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே இந்தப் படுக்கைக்காகக் காத்துக்கிடப்பார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது அவருக்காகத்தான்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் கட்டம் போட்டு நேரம் குறித்தேன்: டாக்டர் சொன்னது, டிஸ்சார்ஜ் சம்மரி (சிகிச்சைச் சுருக்கம்) கையெழுத்தானது, மீதி மருந்து பார்மசிக்குத் திரும்பியது, பில் முடிந்தது, இன்சூரன்ஸ் அனுமதி வந்தது, படுக்கை காலியானது. எல்லாரும் இன்சூரன்ஸைத்தான் குறை சொல்வோம். மருத்துவமனை டிஸ்சார்ஜ் அனுமதி கேட்டு அனுப்பியது கிடைத்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும் என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியும்விட்டது. ஆனால் என் நோட்டில் பெரிய தாமதம் அதற்கும் முன்னாலேயே இருந்தது. சம்மரி டைப் ஆகிக் கையெழுத்துக்குக் கிடந்தது. மருந்து ரிட்டர்ன் முடியாமல் பில்லிங்கில் கணக்கை மூட முடியவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் யார் என்று முந்தின நாள் சாயங்கால ரவுண்ட்ஸிலேயே கேட்டு, இனி தேவைப்படாத மருந்தை அன்று ராத்திரியே திருப்பி அனுப்பி, சம்மரியையும் வரைவாக எழுதி வைக்கத் தொடங்கினோம். மதியச் சாப்பாட்டுக்கு முன் படுக்கைகள் காலியாகத் தொடங்கின. பைசா செலவில்லை.

டிஸ்சார்ஜுக்கு ஆகும் நேரம், மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஹெச் கேட்கும் தரக் குறியீடுகளில் ஒன்று. அதனால் என் நோட்டு குவாலிட்டி டிபார்ட்மென்ட் வரை போனது, அப்புறம் என்னையும் அங்கே கூப்பிட்டார்கள். படிப்பு முடிந்த கையோடு சம்பளம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் ஊர் மருத்துவமனைகளில் பலவற்றில் முதலில் பொறுப்பு கூடும், சம்பளம் மெதுவாகத்தான் பின்னால் வரும். டாக்டர்கள் நிறைந்த மீட்டிங்கில் ஒரு நர்ஸ் எண்களை வைத்துப் பேசும்போது கேட்கிறார்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

நேரம்தான் உங்களுக்குப் பெரிய பிரச்சினை. நைட் ஷிப்டில் படித்துக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். அங்கே கவனம் நோயாளி மேல் இருக்கட்டும். வாராந்திர லீவில் குழந்தையை வீட்டில் யாரிடமாவது கொஞ்ச நேரம் ஒப்படைத்துவிட்டு உட்காருங்கள், அதற்கு வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். சேர்வதற்கு முன்பே நர்சிங் சூப்பரின்டென்டென்டிடமும் சொல்லி, செமஸ்டர் தேர்வு தேதி வந்ததும் டியூட்டி ரோஸ்டரை மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். அப்படியே புராஜெக்டுக்கு வார்டு விவரங்களை எடுக்க எழுத்துப்பூர்வ அனுமதியும் வாங்கிவிடுங்கள். நோயாளி பெயரும் ஐபி (உள்நோயாளி) நம்பரும் உங்கள் நோட்டில் வரவே கூடாது.