தங்கத் தூளும் வெள்ளித் தூளும்: சுங்கை சிப்புட் சாயக்காரரிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக் கோயில்களிலும் வீட்டு கேட்டுகளிலும் சாயம் அடிப்பதுதான் என் வேலை. உலோகத் தூள் கலந்த சாயம் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கோயில் செயலாளர் ஒருவர்: எங்கள் மாரியம்மன் கோயில் கலசத்துக்கு இரண்டு வருசத்துக்கு முன் தங்கச் சாயம் அடித்தோம். இப்போது பழுப்பேறி, மழை ஒழுகும் பக்கம் பச்சை பிடித்திருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றவில்லை ஐயா. தங்கத் தூள் என்று விற்பதில் தங்கம் கிடையாது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையை மெல்லிய செதிலாகத் தட்டியது அது. நூற்றுக்கு 90 பங்கு செம்பு இருந்தால் சிவந்த பொன் நிறம் வரும், 70 பங்கு இருந்தால் மஞ்சள் தூக்கலாக வரும். எதுவானாலும் செம்பு செம்புதான். வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் என்ன ஆகிறதோ, அதுதான் உங்கள் கலசத்திலும் ஆகியிருக்கிறது. வெயில், மாலையானால் மழை, இரவெல்லாம் ஈரம். நம் ஊரில் வெளிவேலைக்குப் பித்தளைத் தூள் சரிப்படாது என்பது என் தீர்மானமான கருத்து. கும்பாபிஷேகம் 12 வருசத்துக்கு ஒரு தடவை. அதுவரை இது தாங்காது.

வெளியே அடிக்க வேண்டுமென்றால் மைக்கா (அப்ரகம்) தூள் போட்ட முத்துச் சாயத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்ரகத் தகட்டின் மேல் டைட்டானியம் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் பூசியிருப்பார்கள். அதில் செம்பே இல்லாததால் கறுக்கவோ பச்சை பிடிக்கவோ வழியில்லை. மினுக்கு பித்தளையைவிடக் கொஞ்சம் மட்டுதான். தூள் பாதி கண்ணாடி மாதிரி ஒளியை உள்ளே விடும் என்பதால், அடியில் காவி மஞ்சள் ஒரு பூச்சு கொடுத்தால் நிறம் ஆழமாக வரும். அதன் மேல் வெயில் தாங்கும் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, இரண்டு தடவை.

ஆனால் உங்கள் கலசம் செம்பில் செய்ததா? அப்படியானால் சாயமே வேண்டாம் என்பேன். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காசு சேர்த்துத் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய அசல் தங்கத் தகடு, ஒட்டுங்கள். தங்கம் கறுப்பதில்லை.

அதே செயலாளர்: பத்துமலை முருகன் சிலையும் தங்கச் சாயம்தானே?

ஆமாம். 2006இல் திறந்த அந்த 42.7 மீட்டர் சிலைக்குத் தாய்லாந்திலிருந்து 300 லிட்டர் பொன் சாயம் வந்தது. அது கான்கிரீட், உங்களுடையது உலோகம். அங்கே பிடிக்கும் அடிப்பூச்சு இங்கே பிடிக்காது. இன்னொன்று, புது சிமெண்டில் சுண்ணாம்பின் காரம் இருக்கும். அது அலுமினியத் தூளைத் தின்றுவிடும். குறைந்தது 28 நாள் காயவிட்டு, காரம் தாங்கும் சீலர் என்ற அடிப்பூச்சு அடித்த பிறகுதான் மினுக்குச் சாயத்தைத் தொட வேண்டும்.

காவடி கட்டும் தம்பி: அண்ணே, பாலிஸ்டிரின் நுரைப் பலகையில் வெட்டிய வேல் மேல் தங்க ஸ்ப்ரே அடித்தேன். அங்கங்கே குழி விழுந்துவிட்டது.

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டிரினைக் கரைத்துவிட்டது தம்பி. மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு தடவை பூசி, நன்றாகக் காயவிடுங்கள். மயில் இறகு செருகும் துளைகளை விட்டுவிடாதீர்கள், கரைப்பான் அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும். பிறகு தள்ளி நின்று மெல்லிய தூறலாக அடிக்கலாம். என்னைக் கேட்டால் ஸ்ப்ரேயே வேண்டாம், தண்ணீரில் கரையும் முத்துச் சாயத்தைத் தூரிகையால் பூசுங்கள். காவடி தூக்குபவர் பல மணி நேரம் அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நடக்கப் போகிறார். தின்னர் வாடை அவருக்கு வேண்டாம்.

வீட்டுக்காரர் ஒருவர்: கேட்டுக்கு வெள்ளிச் சாயம் அடித்து மாதக்கணக்காகியும் தொட்டால் கையில் ஒட்டுகிறது.

நீங்கள் வாங்கியது கூரைக்கு அடிக்கும் வகை. அலுமினியச் செதிலுக்கு ஸ்டியரிக் அமிலம் பூசியிருந்தால், அது சாயத்தின் மேலே மிதந்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். தகரக் கூரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அது அருமை: வெயிலைத் திருப்பி அனுப்பும், ஈரத்தை உள்ளே விடாது. கை படும் இடத்தில் மேலே கிடக்கும் செதில் ஒட்டத்தான் செய்யும். கிளியர் அடித்து அடக்கலாம் என்றால் மினுக்கு செத்துவிடும், பூச்சும் சரியாகப் பிடிக்காது. கேட்டுக்குச் செதில் உள்ளே அமுங்கி நிற்கும் வகையை வாங்கி, மேலே கிளியர் கொடுங்கள்.

கூரை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். துத்தநாகம் பூசிய புது ஜிங்க் தகட்டில் எண்ணெய்ச் சாயத்தை நேராக அடிக்காதீர்கள். துத்தநாகம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகி, தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். ஜிங்குக்கென்றே உள்ள பிரைமர் முதலில்.

பட்டறைத் தம்பி: வெள்ளித் தூளைத் தண்ணீர்ச் சாயத்தில் கலந்து மூடி வைத்தேன். டின் உப்பிக்கொண்டது.

அலுமினியமும் தண்ணீரும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு வந்திருக்கிறது. திறந்த வெளிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் இல்லாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். மறுபடி இறுக்கி மூடாதீர்கள். தண்ணீர்ச் சாயத்துக்கென்று மேல்பூச்சு கொடுத்த அலுமினியம் தனியாக விற்கிறார்கள். பித்தளைத் தூளையும் அன்றைக்கு வேண்டிய அளவுதான் கலக்க வேண்டும். வார்னிஷில் இருக்கும் அமிலம் அதைப் பச்சையாக்கிவிடும்.

ஹாலில் ஒரு சுவருக்கு மினுக்குச் சாயம் அடித்தவர்: திட்டுத் திட்டாகத் தெரிகிறது.

காய்ந்த இடத்தைத் திரும்பத் தேய்த்திருப்பீர்கள். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை, கடைசி இழுப்பு எல்லாம் ஒரே திசை.

வீட்டில் கேக் செய்யும் தங்கச்சி: அலங்காரக் கடையில் வாங்கிய தங்கத் தூளைக் கேக் மேல் தூவலாமா அண்ணே? நச்சு இல்லை என்று போட்டிருக்கிறது.

தூவவே கூடாது. நச்சு இல்லை என்று எழுதியிருந்தால் அது தின்னலாம் என்று ஆகாது. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். மேலே பூசிய பொன் தூளில் செம்பு இருந்தது. உண்ணத்தக்கது என்று எழுதி, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இடைநிலைப்பள்ளி மாணவர்: அங்கிள், ஓவிய வேலைக்கு அலுமினியத் தூளை பிளெண்டரில் இன்னும் நைசாக அரைக்கலாமா?

வேண்டாம் ஐயா, வேண்டவே வேண்டாம். காற்றில் பறக்கும் அலுமினியத் தூள் ஒரு பொறி பட்டால் வெடிக்கும், பிளெண்டர் மோட்டாரில் பொறி உண்டு. தூளாக வாங்குவதைவிட எண்ணெயில் குழைத்த பேஸ்டாக வாங்கு. பறக்காது, நெஞ்சுக்குள்ளும் போகாது. எப்போதாவது தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, தீ இன்னும் பெரிதாகும். காய்ந்த மணலைத் தூள் கிளம்பாமல் மெதுவாகக் கொட்டி மூடிவிட்டு, பெரியவர்களைக் கூப்பிடு.