அம்மாவின் போனில் ஓடாத செயலி

அன்புள்ள அண்ணா,

நான் வன்னியில் உள்ள மல்லாவியைச் சேர்ந்தவள். கணினித் துறையில் இறுதியாண்டு படிக்கிறேன். அம்மா மாடு வளர்த்துப் பால் கொடுத்துத்தான் என்னைப் படிப்பித்தார். அதனால் ப்ராஜெக்டுக்குப் பால் சேகரிப்பு நிலையங்களுக்கான ஒரு செயலியைச் செய்தேன். எத்தனை லீற்றர் கொடுத்தோம், எவ்வளவு காசு வரவேண்டும் என்று பால் கொடுக்கிறவர்கள் போனிலேயே பார்க்கலாம். செயலி 85 எம்பி. நல்ல இணைப்பு இருந்தால் வேகமாக ஓடும். எல்லோரும் பாராட்டினார்கள். (அம்மாவின் போனில் மட்டும் திறக்கவில்லை. அது பழைய போன், ஒரு ஜிபி ரேம். முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுக்க வேண்டும்.)

என் கேள்விகள் இவை. படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் போவதா, இங்கிருந்தே வேலை தேடுவதா? செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் எங்களைப் போன்ற புதியவர்களுக்கு வேலை இருக்குமா? எந்த மொழியைப் படிப்பது நல்லது? என் லாப்டொப் பழைய ஐ3, நான்கு ஜிபி ரேம். நேர்முகத் தேர்வுக்கு மற்றவர்கள் மக்புக்கோடு வரும்போது வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிகளைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கொஞ்சக் காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம் அதற்குள்தான் கிடக்கிறது.

மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த மொழி? பைத்தனோ ஜாவாஸ்கிரிப்டோ, இப்போது தெரிந்ததை ஆழமாகப் படியுங்கள். ஒன்று ஒழுங்காகத் தெரிந்தவருக்கு அடுத்தது தானாகப் பிடிபடும். கொழும்பா ஊரா என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. அதில் நான் தலையிட முடியாது. செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை, அதில் சேர்க்க எனக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அது எழுதித் தருவதை வாசித்து, எது சரி எது பிழை என்று பிரிக்கிற அளவுக்கு அடிப்படை இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

லாப்டொப் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. வெட்கப்பட என்ன இருக்கிறது? கையில் இருக்கும் கணினியை வைத்து ஆளை மதிக்கிற இடத்தில் உங்களுக்கு வேலை கிடைக்காமல் போனால் நல்லது. உங்கள் ஐ3 எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் விண்டோஸ் 11 பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நன்றாக வேலை செய்கிற இயந்திரத்தைப் பழசு என்று தள்ளிவைக்கும் முடிவை யாரோ எங்கேயோ எடுத்தால், நீங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லுபுண்டு மாதிரி பாரம் குறைந்த ஒரு லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள். நான்கு ஜிபியில் நன்றாக ஓடும்.

சரி, அம்மாவின் போனுக்கு வருவோம்.

அது பழைய போன் என்று எழுதினீர்கள். என் செயலி பாரம் கூடியது என்று ஏன் எழுதவில்லை? அதே போனில் அம்மா வட்ஸ்அப்பில் சொந்தக்காரரோடு கதைக்கிறார்தானே. உங்கள் செயலி மட்டும் திறக்கவில்லை என்றால் குற்றம் போனிலா இருக்கிறது? அவருடைய பால்காசைக் கணக்குப் பார்க்கத்தானே இதைச் செய்தீர்கள்!

வீட்டில் இருக்கும் பால் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு ஷொப்பிங் பாக்கில் சுற்றி வைத்திருப்பார். மூலைகள் பாலிலும் மழையிலும் ஊறி மடங்கியிருக்கும். ஒரு நாளுக்கு ஒரு வரி. திகதி, லீற்றர், பாலின் அடர்த்தி அளக்கும் லக்ரோமீற்றர் காட்டியது, கொழுப்பு, நிலையத்தில் எழுதியவரின் கையொப்பம். இந்த வரியைக் கணினியில் சேமிக்க ஐம்பது பைட் தாராளம். வருடத்துக்கு 365 வரி என்றால் 18,250 பைட். இருபது கிலோபைட்கூட வரவில்லை. பத்து வருடம் கறந்த பாலின் கணக்கும் இருநூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். இதைக் காட்ட 85 எம்பி எதற்கு?

எதற்கென்று உங்கள் செயலியைப் பார்க்காமலே என்னால் ஊகிக்க முடியும், ஏனென்றால் வேலையில் தினமும் பார்ப்பது இதைத்தான். பொத்தான் அசைந்து வர ஒரு நூலகம், அதாவது வேறு யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல். யார் எங்கே தொட்டார் என்று வேவு பார்க்க இன்னொன்று. கணக்கில் நுழைய ஒன்று. முகப்பில் ஒரு பசுமாட்டுப் படம், திரையைவிட நாலு மடங்கு பெரிய அளவில். இவ்வளவையும் சுமக்க, செயலிக்கு எலும்புக்கூடு மாதிரி ஒரு பெரிய சட்டகம். ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது பாரம் தெரிவதில்லை, ஏனென்றால் சோதித்துப் பார்ப்பதெல்லாம் நம் கையில் இருக்கும் புதுப் போனில், வளாகத்து வைஃபையில். பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-இலேயே இதை எழுதிவிட்டார். வன்பொருள் வேகம் பெறுவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டு போகிறது என்றார். 2024 ஜனவரி முதலாம் திகதி அவர் காலமானார். அவர் சொன்னதைக் கேட்டுத் திருந்தியவர்கள் குறைவு.

இது வெறும் வேகப் பிரச்சினை இல்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். ஒரு சேவைக்கு இணையத்தில் பதியச் சொன்னார்கள். வீட்டுக்குள் கவரேஜ் இல்லை. பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டில் ஏறி நின்றார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, பிள்ளை அடித்தது. கடைசியில் ஓடிபி வரவேண்டும். அது வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பக்கம் தன்பாட்டில் புதுப்பித்துக்கொண்டது, அடித்ததெல்லாம் போய்விட்டது. வெயிலில் நின்று முதலிலிருந்து தொடங்கினார்கள், மறுபடியும் அதே கதை. "எனக்குப் படிப்பில்லை, அதுதான் சரிவருதில்லை" என்றார் பெரியம்மா. அந்தப் படிவத்தை எழுதியவர் படித்தவர். கவரேஜ் அறுந்தால் என்ன ஆகும் என்று அவர் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அடித்ததைப் போனிலேயே சேமித்து வைக்கும் நிரல் சில வரிகள்தான். அந்தச் சில வரிகள் இல்லாததால் ஒரு கிழவி தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொள்கிறார். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. நாளைக்கு நீங்களும் இப்படி ஒன்றை எழுதிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முந்திய வன்னியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990களில் போர், அரசின் பொருளாதாரத் தடை. பற்றரி உள்ளே வரக்கூடாது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் பட்ட பாடு உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கரண்ட் என்ற பேச்சே இல்லை. ஆனால் செய்தி கேட்காமல் இருக்க முடியாது. எந்தப் பக்கம் ஷெல் விழுகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின் சில்லில் முட்ட விட்டு, பெடலைக் கையால் சுற்றித்தான் ரேடியோ கேட்டோம். எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை என்னுடையது.

வயர் வேலையெல்லாம் சித்தப்பா. டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். பழுதாய்ப்போன ஒரு ரேடியோவின் பலகையிலிருந்து நாலு டயோட்டைக் கழற்றி அதைச் சரிப்படுத்தினார். அப்போதும் ஒரு தொல்லை இருந்தது. என் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கிவிடும், வேகமாகச் சுற்றினால் ரேடியோ இரையும். சுற்றியிருக்கும் பெரியவர்கள் என்னைத்தான் ஏசுவார்கள். சித்தப்பா ஏசவில்லை. மின்னைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் ஒரு பெரிய கொண்டென்சரை எங்கேயோ தேடிக் கொண்டுவந்து ஈயத்தால் ஒட்டினார். "சின்னப் பெடியன் சுத்துறான், கை நோகும்தானே. அதுக்கு ஏத்த மாதிரித்தான் நாங்கள் செய்ய வேணும்" என்றார். அதற்குப் பிறகு என் கை ஒரு கணம் தவறினாலும் வசனம் அறுபடவில்லை.

சித்தப்பா பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. ஆனால் நான் பார்த்த முதல் பொறியியலாளர் அவர்தான். சுற்றுகிற கை களைக்கும் என்பதை அவர் கணக்கில் எடுத்தார். குளக்கட்டில் கவரேஜ் அறும் என்பதைக் கணக்கில் எடுப்பதும் அதே வேலைதான். அந்த நாட்களை நான் புகழவில்லை. யாருடைய பிள்ளையும் இனிச் சைக்கிள் சுற்றிச் செய்தி கேட்கக்கூடாது. அவர் அன்று செய்த வேலையின் ஒழுக்கத்தைச் சொல்கிறேன்.

இதற்கான கருவிகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருளைப் படித்திருப்பீர்கள். அது எப்படிப் பிறந்தது என்று சொல்லித் தந்தார்களா? ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலொன்றுக்கான மென்பொருளில் வேலை செய்தார். போர்க்கப்பல் என்றாலே எங்கள் சனத்துக்கு மனம் சுருங்கும், அது வேறு கதை. தரவைக் கேட்டால் எடுத்துத் தரும் தரவுத்தளச் சேவையகம் விழுந்தால் அந்த மென்பொருளும் நின்றுவிடும். சேவையகமே வேண்டாம், எல்லாம் ஒரே கோப்புக்குள் இருக்கட்டும் என்று 2000-ஆம் ஆண்டில் எஸ்கியூலைட்டை வெளியிட்டார். போனில் ஓடும் வடிவில் அது ஒரு மெகாபைட் அளவுக்குள் அடங்கிவிடும். உரிமை கோராமல் பொதுவுக்கே கொடுத்துவிட்டார். ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே அது இருக்கிறது, அம்மாவின் போனிலும் இருக்கிறது. நீங்கள் அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் சேவையகத்திடம் போய்க் கேட்கிறீர்கள். "நல்ல இணைப்பு இருந்தால்" என்று நீங்கள் எழுதியதிலேயே அது தெரிந்துவிட்டது.

2022 ஜூலையில், தட்டுப்பாட்டு நேரத்தில் எரிபொருளைப் பங்கிட வந்த கியூஆர் முறை நினைவிருக்கிறதா? அதில் பல குறைகள் இருந்தன. ஆனால் ஒன்றைச் சரியாகச் செய்திருந்தார்கள். அந்தக் குறியீட்டைத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோனாலும் போதும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் கடையில் அச்சடித்து, லமினேற் பண்ணி, சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். போனும் டேட்டாவும் பெற்றோல் அடிக்கிறவரிடம் இருந்தால் சரி, வரிசையில் நிற்கிறவரிடம் வெறும் தாள். பாரத்தை யார் தலையில் ஏற்றுவது என்று யோசித்துச் செய்த முறை அது. உங்கள் செயலியிலும் நிலையத்தில் பால் அளக்கிறவரின் போன் பாரத்தைச் சுமக்கட்டும். அம்மாவிடம் பொத்தான் போன் மட்டும் இருந்தாலும் மாதக் கணக்கு எஸ்எம்எஸ்ஸில் போய்ச் சேர வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறிகள்தான். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "பால்" என்பதே நாலு. ஆகவே சுருக்கி எழுதப் பழகுங்கள். லீற்றரும் காசும் திகதியும் இலக்கங்கள்தானே, அடங்கும்.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரைச் செக்கன் கூட எடுக்கிறதே என்று துருவிப் பார்த்தார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளுக்குள் யாரோ கள்ளவழி ஒன்றைப் புகுத்தியிருந்தது அகப்பட்டது. பெரும்பாலான லினக்ஸ் சேவையகங்களுக்குப் பரவும் முன்பே பிடிபட்டுவிட்டது. அரைச் செக்கனைப் பொருட்படுத்துகிற ஆட்கள் இந்தத் துறைக்கு வேண்டும். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று காட்டுங்கள், வேலை கிடைக்கும் என்றுதான் நம்புகிறேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தச் சட்டகத்தைக் கழற்றுங்கள். மாட்டுப் படத்தை எடுத்துவிடுங்கள். வேவு பார்ப்பதை அழியுங்கள். கணக்கைப் போனிலேயே வையுங்கள், கவரேஜ் வரும்போது மட்டும் புதிய வரிகளை அனுப்பி வாங்கட்டும். மூன்று எம்பிக்குள் கொண்டுவாருங்கள், முடியும். சோதனையை லாப்டொப் திரையில் செய்யாதீர்கள். விடிய அம்மா பால் கானைச் சைக்கிளில் கட்டும்போது கூடப் போய், நிலையத்து வாசலில் நின்று அவருடைய போனில் திறந்து பாருங்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அவர் சொன்னால் வாதாடாமல் பெரிதாக்குங்கள். முதல் சம்பளத்தில் தாராளமாகப் புதுப் போன் வாங்கிக் கொடுங்கள், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அம்மாக்களுக்கெல்லாம் நீங்கள் போன் வாங்கிக் கொடுக்க முடியாது.

மூலநிரலை எங்காவது பொதுவில் வைத்திருந்தால் இணைப்பை அனுப்புங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்து, எங்கெங்கே வெட்டலாம் என்று எழுதுகிறேன். கொழும்பைப் பற்றி அப்புறம் கதைப்போம்.

அன்புடன்,
அண்ணா