“நான் செய்கிறவன்தானே, எனக்கும் வருமா டாக்டர்?”

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 27. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்னையில் பகலில் டெலிவரி வேலை. கடனை அடைக்க வழியில்லாமல் ஒன்றரை வருஷமாக, ஆப்பில் அழைக்கும் ஆண்களிடம் காசுக்குப் போகிறேன். வாரத்துக்கு மூன்று நாலு பேர். பெரும்பாலும் நான்தான் செய்கிறவன், அதனால் பயமில்லை என்று இருந்தேன். ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன் என்றால் ஆணுறை இல்லாமலும் போயிருக்கிறேன். சில நேரம் மறுபக்கமும் சம்மதித்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் உறை கிழிந்துவிட்டது. போன வாரம் காய்ச்சல், தொண்டை வலி வந்து போனது. அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். மனைவி அங்கேதான், குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். டெஸ்ட் எடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா? இந்தத் தொழிலை உடனே விடவும் முடியாது.
– பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இருப்பதிலேயே அவசரமானது அந்தக் காய்ச்சல்தான். எச்.ஐ.வி. தொற்றிய பலருக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது, உடம்பில் தடிப்பு என்று வந்து தானாகவே போய்விடும். சாதாரண வைரல் காய்ச்சலும் இப்படித்தான் வரும். எனவே அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரத்தப் பரிசோதனை வேண்டும், அதுவும் இந்த வாரமே.

அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று பலகை இருக்கும். அங்கே பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பெரும்பாலும், கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் சோதனைதான் செய்வார்கள். கிருமி நுழைந்து ஆன்டிபாடி உருவாகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், இன்று ‘இல்லை’ என்று வந்தாலும் உங்கள் விஷயத்தில் அது இறுதி முடிவு இல்லை. காய்ச்சல் வந்ததையும் உறை கிழிந்த தேதியையும் சொல்லி, கிருமியையே நேரடியாகத் தேடும் வைரல் லோடு சோதனைக்கு ஒரு மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தனியார் ஆய்வகங்களில் செய்கிறார்கள், செலவு ஆகும். ஆன்டிபாடியோடு, கிருமியின் ஒரு பகுதியான ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாள் கழித்து ‘இல்லை’ என்று சொன்னால் பெருமளவு நம்பலாம். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். கணக்கு கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் போன நாளிலிருந்து தொடங்கும்.

வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. நீங்கள் அங்கே போனதை யாரும் ஊருக்குக் கடிதம் போட்டுச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: தொற்று உறுதியானால், மனைவியிடம் சொல்லும்படி ஆலோசகர் கேட்பார், எப்படிச் சொல்வது என்று உதவியும் செய்வார். நீங்கள் சொல்லவே மறுத்து, மனைவிக்கு ஆபத்து இருந்தால், அவருக்குத் தெரிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த இடம் இருப்பது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

உறுதியானால் என்ன ஆகும்? 2017 முதல் இந்தியாவில் தொற்று தெரிந்த எல்லோருக்கும் உடனே சிகிச்சை தொடங்குகிறார்கள். எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து இலவசம், பலருக்கு தினம் ஒரு மாத்திரைதான். ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. 2019இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மருந்து எடுத்த சுமார் 780 ஆண் ஜோடிகளைப் பின்தொடர்ந்தார்கள். உறை இல்லாமல் உறவு கொண்டும், மருந்து எடுத்தவரிடமிருந்து இணைக்குப் பரவியது ஒருமுறைகூட இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் குழந்தையும் பிறக்கிறது.

மனைவி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொற்றிய முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும், மற்றவருக்குப் பரவும் வாய்ப்பும் அப்போதுதான் அதிகம். நீங்கள் ஊருக்குப் போகும் சமயம் சரியாக அதில் வருகிறது. மூன்று மாதச் சோதனை முடியும்வரை உறை இல்லாமல் மனைவியை நெருங்காதீர்கள், குழந்தை முயற்சியைத் தள்ளிப்போடுங்கள். எல்லாவற்றையும் இப்போதே அவரிடம் கொட்டுங்கள் என்று சொல்லமாட்டேன். “காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு தொற்று இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், டாக்டர் மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்” என்று சொல்லுங்கள். அதில் பொய் இல்லை, சொல்கிற டாக்டர் நான்தான்.

அடுத்து, ‘செய்கிறவனுக்கு வராது’ என்ற நம்பிக்கை. தொற்று உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவருடன் உறை இல்லாமல் ஆசனவாய் வழியாக உறவு கொண்டால், வாங்குகிறவருக்குப் பத்தாயிரம் முறைக்குச் சுமார் 138 முறை தொற்று வருகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். செய்கிறவருக்கு அது 11. குறைவுதான், பூஜ்யம் இல்லை. பெண்ணுடன் உறை இல்லாமல் போகும் ஆணுக்கு அது 4 என்று வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு நாலு பேர், ஒன்றரை வருஷம் என்று ஆகும்போது சின்ன எண்ணும் பெருகும். சிபிலிஸ் மாதிரி பால்வினை நோயால் புண் இருந்தால் இன்னும் ஏறும். போதாததற்குக் காசு கூடக் கிடைத்தால் நீங்கள் எப்போதும் செய்கிறவராக இருப்பதும் இல்லை, அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2021ஆம் ஆண்டு தேசியக் கண்காணிப்பில், நாட்டின் மொத்த வயதுவந்தோரில் தொற்று சுமார் 0.2 சதவீதமாக இருந்தபோது, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் அது 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது.

அந்த ஆயிரம் ரூபாய்க்கு வருகிறேன். உங்களிடம் உறை வேண்டாம் என்று காசு கூடத் தருகிறவர், வேறு பையன்களிடமும் அதையே கேட்டிருப்பார். அதிகம் தருகிற பார்ட்டிதான் அதிக ஆபத்தான பார்ட்டி. ஆனால் வாடகை கட்ட வேண்டிய வாரத்தில் இந்த நியாயம் உதவாது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாத அறையில், அவர் குடித்திருக்க, நீங்களும் ரெண்டு ரவுண்டு போட்டிருக்க, ‘முடியாது’ என்பது லேசான வார்த்தை இல்லை. பேச்சைக் கிளம்புவதற்கு முன்பே, ஆப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்: உறை கட்டாயம், காசு முன்னால். அதற்கு மேல், யாரும் உங்களிடம் பேரம் பேச முடியாத ஒரு பாதுகாப்பு உங்களுக்கு வேண்டும். அதுதான் பிரெப்.

டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபைன் என்ற இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை அது. தொற்று இல்லாதவர் தினமும் ஒன்று தவறாமல் சாப்பிட்டால், உடலுறவு வழியாக வரும் எச்.ஐ.வி.யை ஏறத்தாழ முழுக்கத் தடுக்கும். பார்ட்டிக்குத் தெரியவே தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் தீராமல் நீங்கள் தொடங்கக் கூடாது. தொற்று இருந்தால் அதற்கு இந்த இரண்டு மருந்து போதாது, கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். வைரல் லோடில் ‘இல்லை’ என்று வந்த பிறகு, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் பி சோதனை இரண்டையும் பார்த்துவிட்டு மருத்துவர் எழுதித் தருவார். உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் சாப்பிடும் முறையும் ஆண்களுக்கு உண்டு. வாரம் நாலு முறை என்றால் தினசரி முறையே உங்களுக்குச் சரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். அரசில் இது இன்னும் பரவலாகக் கிடைப்பதில்லை. சீட்டு இருந்தால் தனியார் மருந்துக் கடையில் வாங்கலாம், மாதத்துக்கு ஒன்றிரண்டாயிரம் ஆகலாம். இலவசமாகத் தரவேண்டிய மருந்து இது என்பது என் கருத்து. உங்களைப் போன்றவர்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களிடமும் விசாரியுங்கள். தேசிய உதவி எண் 1097க்கு அழைத்தால் அருகில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

பிரெப் வந்தால் உறையை விட்டுவிடலாம் என்று இல்லை. சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்ற பால்வினை நோய்களை அது தடுக்காது. அன்றைக்கு உறை ஏன் கிழிந்தது, என்ன தடவினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தேங்காய் எண்ணெய், வாசலின், பாடி லோஷன் எதுவானாலும் லேட்டக்ஸ் உறையைக் கொஞ்ச நேரத்திலேயே வலுவிழக்கச் செய்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் மட்டும் போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் உறையை வைக்காதீர்கள். போலீஸ் பயத்தில் உறை எடுத்துப் போகாதவர்களும் இருக்கிறார்கள். ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொள்ளக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இனி எப்போதாவது கிழிந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, அரசு மருத்துவமனை அவசரப் பிரிவிலோ ஏ.ஆர்.டி. மையத்திலோ போய், உள்ளே நுழைந்திருக்கக்கூடிய கிருமி தொற்றாகாமல் தடுக்கும் ‘பெப்’ மருந்து கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் தனியார் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். 28 நாள் சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது.

இந்த வாரம் போகும்போதே பால்வினை நோய்ப் பிரிவிலும் காட்டிவிடுங்கள். சிபிலிஸ் சோதனை செய்யச் சொல்லுங்கள், ஹெபடைட்டிஸ் பி இல்லையென்றால் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஆண்களோடு உறவு உண்டு, இரண்டு விதமாகவும் உண்டு என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆசனவாயிலும் தொண்டையிலும் வரும் கொனோரியா பெரும்பாலும் வலியோ சீழோ காட்டாது, நீங்கள் சொன்னால்தான் அங்கே பார்ப்பார்கள். முகம் சுளிக்கிற மருத்துவர் கிடைத்தால் எழுந்து வந்துவிடுங்கள், ஆனால் அன்றைக்கே வேறொருவரிடம் போங்கள்.